அரசனிடம் கணக்குக் கேட்ட குடிகள்



1781-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பாரிஸ் நகரத்துப் புத்தகக் கடைகளில் விற்பனைக்கு வந்து, ஜனங்கள் முண்டியடித்து வாங்கிச் சென்ற நூல் ஒன்று உண்டு. நாவலோ நாடகமோ மதகுருமாரைச் சாடும் துண்டுப் பிரசுரமோ என்று நீங்கள் நினைக்கக்கூடும். பிரெஞ்சு ராஜ்யத்தின் வரவு செலவுக் கணக்கு அது. ஜெனீவாவில் பிறந்து, பாரிஸில் பாங்கித் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டி, அக்காலத்தில் பதினாறாம் லூயி மன்னருடைய நிதி நிர்வாகத்தை ஏற்றிருந்த ஜாக் நெக்கர் என்பவர், மன்னருக்குத் தாம் சமர்ப்பித்த அறிக்கையை அச்சிட்டு, விரும்பியவரெல்லாம் வாங்கிப் படிக்கும்படி வெளியிட்டுவிட்டார். கஜானாவுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, அரண்மனையைச் சுற்றி வாழும் பிரபுக்களுக்கு எவ்வளவு மானியம் என்பதெல்லாம் அதுவரை அரசரும் அவருடைய அந்தரங்க மந்திரிகளும் மட்டுமே அறியத்தக்க ரகசியமாக இருந்து வந்தன. இப்போது வக்கீலும் வைத்தியரும் மளிகைக் கடைக்காரரும் கிராமத்துப் பாதிரியாரும் அந்த ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தொகை ஏன், அந்தத் தொகை எதற்கு என்று தமக்குள் விவாதிக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கணக்கு நேர்மையான கணக்கு என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போருக்கு ஆதரவாகப் பிரான்ஸ் இங்கிலாந்தோடு பொருதுகொண்டிருந்த அந்த நாளில், யுத்தச் செலவுகளை ‘அசாதாரணச் செலவு’ என்று தனியே ஒதுக்கிவைத்து, சாதாரண வரவு செலவில் ஒரு கோடி லிவருக்கு மேல் மிச்சம் இருப்பதாக நெக்கர் காட்டியிருந்தார். கடன் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை உண்டாக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். ஆயினும் நூல் வெளிவந்த சில மாதங்களில் அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அரண்மனையின் கணக்கைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவரை அரண்மனை மன்னிக்கவில்லை.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசும்படி என்னை நீங்கள் அழைத்தபோது, பாஸ்டில் சிறையிலிருந்தோ கில்லட்டின் மேடையிலிருந்தோ தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அந்தப் புரட்சியின் தோற்றத்தையும், அது வழி தவறிய இடத்தையும், இன்றளவும் அது நமக்கு விட்டுச் சென்றிருப்பதையும் ஒருங்கே பிடித்துக் காட்டவல்ல கேள்வி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புவதுதான். ஆள்வோரிடம் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? இந்தக் கேள்விக்குப் பழைய அரசமைப்பினால் விடை கூற முடியாமற்போனதே புரட்சிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கடனைப் பார்ப்போம். 1788-ஆம் ஆண்டுக்கெனத் தயாரிக்கப்பட்ட கணக்கின்படி அரசாங்கத்தின் செலவு ஏறத்தாழ 62 கோடியே 90 லட்சம் லிவர். வரவோ 50 கோடியே 30 லட்சம். செலவில் சரிபாதிக்கு மேல், அதாவது 31 கோடியே 80 லட்சம், பழைய கடன்களுக்கு வட்டியும் தவணையுமாகப் போயிற்று. அரசி மரீ அந்துவானெத்தின் ஆடை அணிகலன்களும் வெர்செயில்ஸ் அரண்மனையின் விருந்துகளுமே நாட்டைத் திவாலாக்கின என்று பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். அரண்மனைச் செலவு முழுவதையும் கூட்டினாலும் மொத்தச் செலவில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே வரும் என்பதைக் கண்டால், அந்தக் கதையை ஒதுக்கிவைக்கத்தான் வேண்டியிருக்கிறது. ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னட்டும் என்று அவள் சொன்னதாக வழங்கும் வாக்கும் அவளுடையதன்று. பெயர் சொல்லாத ஓர் அரசிளங்குமரியின் வாக்காக ரூஸோ அதனைத் தம் சுயசரிதத்தில் எழுதிய காலத்தில், அவள் வியன்னாவில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. கஜானாவை வறளச் செய்தவை யுத்தங்கள். அவற்றுள்ளும் நூறு கோடி லிவருக்கு மேல் விழுங்கிய அமெரிக்கப் போர்.

ஏறத்தாழ இரண்டு கோடியே எண்பது லட்சம் மக்கள் வாழ்ந்த, ஐரோப்பாவின் மிக வளமான தேசங்களுள் ஒன்றாகிய பிரான்ஸுக்கு இந்தக் கடன் தாங்க முடியாத சுமையா என்றால், இல்லை. இங்கிலாந்தும் அதே காலத்தில் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தது. ஆனால் இங்கிலாந்தில் வரி விதிக்கப் பாராளுமன்றம் இருந்தது. வரி செலுத்துவோரின் பிரதிநிதிகள், அவர்கள் எவ்வளவு குறுகிய கூட்டத்தாரேயாயினும், கணக்கைப் பார்த்துச் சம்மதம் கொடுத்தார்கள். பிரான்ஸிலோ குருமார், பிரபுக்கள், ஏனையோர் என்ற மூன்று வகுப்பாரும் கூடும் மகாசபை 1614-க்குப் பிறகு 1789 வரை கூட்டப்படவேயில்லை. நேர்முக வரிகளில் பெரும்பகுதியிலிருந்து பிரபுக்களுக்கு விலக்கு. திருச்சபையோ தான் விரும்பிய தொகையை நன்கொடை என்ற பெயரால் கொடுத்து வந்தது. பணமுள்ள நகரவாசிகள் உத்தியோகத்தை விலைக்கு வாங்கி அதனோடு வரிவிலக்கையும் வாங்கிக்கொண்டார்கள். எஞ்சிய சுமையெல்லாம் நிலத்தை உழுதவன் தலையில் விழுந்தது.

இந்த ஏற்பாட்டின் அநியாயத்தை ஒரே பொருளில் காண வேண்டுமானால் உப்பைப் பாருங்கள். கபேல் எனப்பட்ட உப்பு வரி, ஒரே அரசருடைய ஆட்சிக்குட்பட்ட தேசத்தில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது. கடற்கரை மாகாணமாகிய பிரிட்டனியில் வரி இல்லை; அதை அடுத்த மேன், ஆன்ஜு மாகாணங்களில் எல்லைக்கோட்டைத் தாண்டினவுடன் அதே உப்பின் விலை இருபது மடங்குக்கு மேல் ஏறியது. விலை அதிகமென்றால் வாங்காமல் இருந்துவிடலாமே என்றால் அதற்கும் இடமில்லை. வரி மிகுந்த அப்பகுதிகளில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு பவுண்டு உப்பை அரசாங்கக் கிடங்கிலேயே வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். அதுவும் அடுப்படிக்கும் உணவு மேசைக்கும் மட்டுமே. அந்த உப்பைக் கொண்டு பன்றி இறைச்சியைப் பதப்படுத்தினால் குற்றம். ஆகவே எல்லையோரக் கிராமங்களில் கள்ள உப்புக் கடத்துவது குடும்பத் தொழிலாயிற்று. பெண்கள் உடைக்குள் கட்டிச் சென்றார்கள், சிறுவர்கள் சுமந்தார்கள், நாய்களையும் பழக்கி முதுகில் உப்புப் பையைக் கட்டி இரவில் ஓட்டினார்கள். பிடிபட்ட ஆண்களில் அபராதம் கட்ட இயலாதவர்கள் துறைமுகக் கைதிகளாய்க் கடுங்காவலுக்குப் போனார்கள். வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளிகளின் காவற்காரர்கள், எந்த வீட்டிலும் எந்நேரமும் புகுந்து உப்புப் பானையைத் தடவிப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். அந்தக் காவற்காரனிடம் ‘ஏன்’ என்று கேட்க ஒரு வழியும் இல்லாத குடியானவனுடைய மனத்தில் என்ன மூண்டிருக்கும் என்பதை, தத்துவ நூல்களைப் படிப்பதற்கு முன்பே மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றை நமக்கு அருகிலிருந்து காட்டியவர் ஆர்தர் யங் என்ற ஆங்கில விவசாய நிபுணர். 1789 ஜூலை 12-ஆம் தேதி, ஷாம்பேன் பிரதேசத்தில் நீண்ட மேட்டுப்பாதை ஒன்றில், குதிரைக்குச் சிரமம் வேண்டாமென்று இறங்கி நடந்துகொண்டிருந்த அவரோடு ஏழைப் பெண் ஒருத்தி கூட நடந்து வந்தாள். வளைந்த முதுகையும் சுருக்கம் விழுந்த முகத்தையும் கண்டு அறுபது எழுபது வயது மதித்தார் யங். தனக்கு இருபத்தெட்டு என்றாள் அவள். கணவனுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பசு, ஒரு மெலிந்த குதிரை, குழந்தைகள் ஏழு. ஒரு பிரபுவுக்கு 42 பவுண்டு கோதுமையும் மூன்று கோழிகளும். மற்றொரு பிரபுவுக்கு அதைப்போல் நான்கு பங்கு ஓட்ஸ் தானியமும் ஒரு கோழியும் ஒரு சூ நாணயமும். அதற்கு மேல் அரசாங்க வரிகள். பசுவின் பால் இருப்பதால் குழந்தைகளுக்குக் கஞ்சி கிடைக்கிறது என்றாள். தங்களைப் போன்ற ஏழைகளுக்காகப் பெரியவர்கள் யாரோ எதையோ செய்யப் போகிறார்களாம், யார், எப்படி என்று தனக்குத் தெரியாது என்றும் அவள் சொன்னதாக யங் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு நாளில் பாஸ்டில் வீழ்ந்தது. அவள் பெயரை யங் குறிக்கவில்லை. ஆயினும் அரசர் பெயர்களையும் தளபதிகள் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் நாம், எத்தனை கோழி, எத்தனை பவுண்டு கோதுமை என்று தன் கணக்கை இவ்வளவு துல்லியமாக அறிந்திருந்த இந்தப் பெண்ணை மறந்தால் புரட்சியை அறிந்தவர்களாக மாட்டோம்.

வறுமை புரட்சியை உண்டாக்கிற்று என்று இதிலிருந்து அவசரப்பட்டு முடிவு செய்துவிடலாகாது. போலந்திலும் பிரஷ்யாவிலும் குடியானவர்கள் இவளைவிடக் கீழான அடிமை நிலையில் கிடந்தார்கள். அங்கே புரட்சி தோன்றவில்லை. 1856-இல் பழைய ஆட்சியைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் தொக்வில், பிரெஞ்சுக் குடியானவன் பெரும்பாலும் தன் சிறு நிலத்துக்குத் தானே சொந்தக்காரனாகிவிட்டதால்தான் பிரபுவுக்குக் கட்டிய குத்தகையும் கோழியும் அவனுக்குச் சகிக்க முடியாதவையாயின என்று விளக்கினார். முற்காலத்தில் பிரபு ஊரைக் காத்தான், நீதி வழங்கினான். அந்த வேலைகளையெல்லாம் அரசனுடைய அதிகாரிகள் எடுத்துக்கொண்ட பிறகும் கோழி வாங்குவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. இந்த நுட்பமான அவதானிப்பைவிட ஆழமான ஒன்றைப் புரட்சியின் காரணங்களைப் பற்றி எழுதியவர்களிடம் நான் கண்டதில்லை. மாண்டெஸ்கியூ, வால்டேர், ரூஸோ ஆகியோரின் நூல்கள் மனக்கசப்புக்கு ஒரு பாஷையைக் கொடுத்தன என்பது உண்மை. ஆனால் 1789 வசந்தத்தில் மகாசபைக்கென ஊர்தோறும் எழுதப்பட்ட குறைமுறையீட்டுப் பத்திரங்களைப் புரட்டினால், ரூஸோவைவிட உப்பும், பிரபுவின் வேட்டையும் புறாக்களும், அவனுடைய ஆலையிலேயே மாவரைக்க வேண்டிய கட்டாயமுமே மிகுதியாகத் தென்படும். அரசரை நீக்க வேண்டும் என்ற பேச்சுக்கு அவற்றில் இடமே இல்லை. தந்தையே, உமக்குத் தெரியாமல் இவை நடக்கின்றன என்ற தொனியிலேயே ஊரார் எழுதியிருக்கிறார்கள். 1793-இல் அரசரின் தலை வீழ்ந்ததை வைத்து 1789-இன் மனத்தை அளப்பது சரித்திர மாணவன் செய்யக்கூடாத பிழை.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1787 பிப்ரவரியில் நிதி மந்திரி கலோன், பிரமுகர்களின் சபை ஒன்றைக் கூட்டி, பற்றாக்குறை பத்துக் கோடி லிவரைத் தாண்டிவிட்டது, நிலமுடையார் எல்லோரும் வரி செலுத்தியாக வேண்டும் என்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நெக்கர் மிச்சம் காட்டினாரே, இடையில் பணம் எங்கே போயிற்று, கணக்கைக் காட்டும் என்று கேட்டார்கள் பிரமுகர்கள். தங்கள் வரிவிலக்கைக் காத்துக்கொள்ளும் சுயநலம் அதில் கலந்திருந்தது மெய்யே. எனினும் கேட்கப்பட்ட கேள்வி அவர்களுடைய சுயநலத்தைவிடப் பெரியதாக வளர்ந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 19-இல், புதிய கடன்களைப் பாரிஸ் நீதிமன்றத்தில் பதிவு செய்ய அரசர் நேரில் வந்தபோது, இது சட்டவிரோதம் என்று அவருடைய உறவினராகிய ஆர்லியன்ஸ் கோமகன் எழுந்து ஆட்சேபிக்க, தாம் விரும்புவதால் அது சட்டபூர்வமே என்ற கருத்தில் விடையிறுத்தார் மன்னர். 1788 ஜூலையில் வடபிரான்ஸில் பெய்த ஆலங்கட்டி மழை முற்றிய பயிரை நாசமாக்கிற்று. ஆகஸ்டில் கஜானா பணம் கொடுப்பதை நிறுத்தியது. எட்டு ஒன்பது சூ விற்ற நான்கு பவுண்டு ரொட்டி, 1789 பிப்ரவரியில் பாரிஸில் பதினான்கரை சூ விற்றது. கூலியாளின் நாள் வருமானமோ இருபது முப்பது சூதான். வேறு வழியின்றி அரசர் அழைத்த மகாசபை மே 5-இல் கூடியது. நியாயத்தை எதிர்நோக்கி வந்திருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளின் முன்னே, மீண்டும் பதவிக்கு அழைக்கப்பட்டிருந்த நெக்கர் மூன்று மணி நேரம் கணக்கு வாசித்தார். பாதியில் குரல் கம்மிப்போய் வேறொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. வகுப்பு வகுப்பாக வாக்களிப்பதா, தலைக்கு ஒரு வாக்கா என்பதைப் பற்றி அவர் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 17-இல் மூன்றாம் வகுப்பார் தம்மைத் தேசிய சபை என்று பிரகடனம் செய்ததை எல்லோரும் அறிவீர்கள். அந்த அறிவிப்போடு அன்றே அவர்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தேசத்தின் சம்மதமின்றி விதிக்கப்பட்டவையாதலால் இதுவரையுள்ள வரிகள் எல்லாம் சட்டத்துக்குப் புறம்பானவை. ஆயினும் இந்தச் சபை கூடியிருக்கும் வரையில் அவை முன்போலவே வசூலாகட்டும். சபை கலைக்கப்படும் நாளில் வசூலும் நிற்கும். மூன்று நாள் கழித்து டென்னிஸ் மைதானத்தில் எடுத்த சபதத்தைக் காட்டிலும் இந்தத் தீர்மானத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டாளம் கொண்டு சபையைக் கலைத்தால் அரசர் தமது கஜானாவைத் தாமே மூடியவராவார் என்ற நிலையை ஒரே நாளில் உண்டாக்கிவிட்டது அது. ஜூலை 11-இல் நெக்கர் நீக்கப்பட்டார். மறுநாள், அந்த ஏழைப் பெண் யங்கோடு மேட்டுப்பாதையில் நடந்த அதே நாள், பாரிஸ் மக்கள் நெக்கரின் மெழுகு உருவத்தைத் தூக்கிக்கொண்டு வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். ஒரு நிதி மந்திரிக்காக ஒரு நகரம் ஆயுதம் ஏந்தியது. பாஸ்டிலில் அன்று ஏழு கைதிகளே இருந்தார்கள் என்று சிலர் இழித்துப் பேசுவார்கள். மக்கள் அங்கே போனது கைதிகளைத் தேடியல்ல, வெடிமருந்தைத் தேடி. ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரவு பிரபுக்களின் விசேஷ உரிமைகள் வீழ்ந்தன. அந்த மாதம் 26-இல் மனித உரிமைப் பிரகடனம் முற்றுப்பெற்றது.

அப்பிரகடனத்தின் முதல் விதி உலகப் பிரசித்தமானது. பதினான்காம் விதியையும் பதினைந்தாம் விதியையும் உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள்? வரியின் அவசியத்தைத் தாமாகவோ பிரதிநிதிகள் மூலமாகவோ ஆராய்ந்தறியவும், மனமொப்பிச் சம்மதிக்கவும், அப்பணம் எப்படிச் செலவாகிறதென்று கண்காணிக்கவும், எவ்வளவு, எத்தனை காலம் என்று நிர்ணயிக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்பது பதினான்காம் விதியின் சாரம். பொது ஊழியர் ஒவ்வொருவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்பது பதினைந்தாவது. உப்புப் பானையைத் தடவிய காவற்காரனும் இதற்குள் அடக்கம், கலோனும் அடக்கம், கொள்கையளவில் அரசரும் அடக்கம்.

இத்தகைய விதியை இயற்றியவர்களே நான்கு ஆண்டுகளுக்குள் பயங்கர ஆட்சிக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது என் நெஞ்சை நெடுநாள் வருத்திய கேள்வி. அரசர் 1791 ஜூனில் தப்பியோட முயன்று வரேன் என்ற ஊரில் பிடிபட்டது, 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவுடன் தொடங்கிய யுத்தம், வாந்தே பிரதேசத்து உள்நாட்டுக் கலகம், நாணயம் மதிப்பிழந்து ரொட்டி மீண்டும் எட்டாக் கனியானது என்று சூழ்நிலைகளை எண்ணிக்கொண்டே போகலாம். சூழ்நிலை விளக்கமாகுமே தவிர நியாயமாகாது. 1793-இல் அமைந்த பொதுநலக் காப்புக் குழு, அப்போதைய சட்டமன்றமாகிய தேசிய மாநாட்டின் ஒப்புதலை மாதந்தோறும் பெற வேண்டிய குழு. அதாவது கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட குழு. அந்தக் கடமை மெல்ல மெல்லச் சடங்காகி, மாநாட்டில் எழுந்து கேள்வி கேட்பவனே சந்தேகத்துக்குரியவன் என்றாயிற்று. 1794 ஜூன் 10-இல் நிறைவேறிய சட்டம், புரட்சி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வேண்டாம், சாட்சி விசாரணையும் அவசியமில்லை, தீர்ப்பு விடுதலை அல்லது மரணம் என்று விதித்தது. தொடர்ந்த ஏழு வாரங்களில் பாரிஸில் மட்டும் ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்டோர் கில்லட்டினுக்குப் பலியானார்கள். நாடு முழுவதிலும் தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 17,000 பேரில் பிரபுக்கள் நூற்றுக்கு எட்டுப் பேரே; பெருந்தொகையினர் குடியானவரும் தொழிலாளரும் கடைக்காரருமாகிய சாமானியர். ஆர்தர் யங் கண்ட பெண்ணைப் போன்றவர்களின் பெயரால் நடந்த ஆட்சி, அவளைப் போன்றவர்களையே கொன்றது. அந்தக் குழுவில் முதன்மை பெற்றிருந்த ரோபஸ்பியர் பணத்தாசை அற்றவர், தூயவர் என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. தூய்மை தனக்குத் தானே சாட்சி என்று நம்பியதுதான் அவருடைய கேடு. ஜூலை 27-இல் மாநாடு அவரைப் பேசவொட்டாமல் கூச்சலிட்டு வீழ்த்தியபோது, அவருக்கும் தம் கணக்கைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நிலைத்து நின்றவற்றுக்கு வருவோம். எண்பத்து மூன்று மாவட்டங்களாகப் பிரான்ஸைப் பகுத்தது, பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் கோயில் ஏட்டிலிருந்து அரசாங்க ஏட்டுக்கு மாற்றியது, மூத்த மகனுக்கே சொத்து என்ற வழக்கை ஒழித்தது, 1791-இல் யூதர்களுக்குக் குடியுரிமை அளித்தது, இன்று நாம் துணிக்கடையில் கேட்கும் மீட்டரையும் காய்கறிக் கடையில் கேட்கும் கிலோவையும் 1795 ஏப்ரலில் சட்டமாக்கியது ஆகிய இவையெல்லாம் எந்த அரசு மீண்டு வந்தபோதிலும் பெரும்பாலும் அழியாமல் நின்றன. நெப்போலியன் 1804-இல் வெளியிட்ட சிவில் சட்டத் தொகுப்பு, சட்டத்தின் முன் சமத்துவத்தை ஐரோப்பாவின் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது. 1807-இல் அவர் நிறுவிய தணிக்கை நீதிமன்றம் இன்றும் பிரெஞ்சு அரசாங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறது. அதே நெப்போலியன்தான் புரட்சி ஒழித்த உப்பு வரியையும் 1806-இல் திரும்பக் கொணர்ந்தார். மனித உரிமைப் பிரகடனமோ, 1971-இல் அந்நாட்டு அரசியல் சாசனச் சபை அளித்த தீர்ப்பினால், சட்டமன்றம் இயற்றும் சட்டங்களையும் எடைபோடும் அளவுகோலாகிவிட்டது.

தரப்படாதவற்றையும் இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் சங்கம் சேர்வதை 1791-இல் தடை செய்தது புரட்சிச் சபைதான். தொழிற்சங்கம் சட்டபூர்வமாக 1884 வரை காத்திருக்க நேர்ந்தது. பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை 1791-இல் எழுதி, கொலைமேடை ஏற உரிமையுள்ள பெண்ணுக்குப் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று வாதாடிய ஒலிம்ப் தெ கூஜ், 1793 நவம்பரில் முன்னதை மட்டுமே பெற்றாள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944-இல் வந்தது.

நம் நாட்டோடு உள்ள தொடர்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சென்னையில் தொடங்கிப் பின்னர்ப் புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ பத்திரிகையில் பாரதியார் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் கொள்கை வாசகமாகப் பொறித்தார். நமது அரசியல் சாசனத்தின் முகவுரையிலும் இம்மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன. ஆயினும் இவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தாம் கடன் வாங்கவில்லை, தம் ஆசானாகிய புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாக டாக்டர் அம்பேத்கர் 1954-இல் வானொலியில் தெளிவாகச் சொன்னார். எங்கெங்கே சமத்துவக் குரல் எழுந்தாலும் அது பாரிஸின் எதிரொலி என்று எழுதுகிற சரித்திர நூல்களைப் படிக்கும்போது அந்தக் கூற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சங்களுள் மிகப் பெரியதாக நான் கருதுவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமாயிருந்த சான் டொமிங்கில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். ஐரோப்பா அருந்திய காப்பியில் ஏறக்குறையப் பாதி அவர்கள் உழைப்பில் விளைந்தது. மனிதர் யாவரும் பிறப்பினால் சமம் என்று வெர்செயில்ஸில் எழுதியவர்கள் இவர்களை நினைக்கவில்லை. 1791 ஆகஸ்டில் அவர்கள் தாமே கிளர்ந்தெழுந்தார்கள். 1794 பிப்ரவரி 4-இல், அத்தீவிலிருந்து வந்த மூன்று பிரதிநிதிகள், ஒருவர் கறுப்பர், ஒருவர் கலப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர், முன்னிலையில் மாநாடு அடிமை முறையை ஒழித்தது. தானாகக் கொடுத்த வரமன்று அது. தீவில் ஏற்கெனவே அடிமைகள் வென்றெடுத்துவிட்டதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. 1801 டிசம்பரில் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவரப் பெரும்படை அனுப்பினார். தீவு மக்களின் தலைவர் தூசேன் லூவெர்த்யூர் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, பிரான்ஸின் ஜுரா மலைக்கோட்டையொன்றில் குளிரில் 1803-இல் உயிர் நீத்தார். அவருடைய மக்களோ அந்தப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி முதல் நாள் ஹெயிட்டி என்ற பெயரால் சுதந்திரம் பிரகடனம் செய்தார்கள்.

இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு, கொல்லப்பட்ட லூயியின் தம்பி பத்தாம் சார்லஸ் பிரான்ஸின் சிம்மாசனத்தில் அமர்ந்திருந்தார். 1825 ஏப்ரல் மாதத்தில் அவருடைய அரசாங்கம் இரண்டு கணக்குகளைத் தீர்த்தது. புரட்சியில் நிலம் இழந்து வெளிநாடு ஓடிய பிரபுக்களுக்கு நஷ்டஈடு வழங்க ஒரு சட்டம். ஹெயிட்டியின் சுதந்திரத்தை அங்கீகரிக்க வேண்டுமானால், தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த வெள்ளைத் தோட்டக்காரர்களுக்காக 15 கோடி பிராங்க் செலுத்த வேண்டும் என்று ஓர் ஆணை. இரண்டாவது ஆணையைச் சேர்ப்பிக்கப் பதினான்கு போர்க்கப்பல்கள் சென்றன. முதல் தவணை கட்டவே ஹெயிட்டி பிரெஞ்சு பாங்கிகளிடம் 3 கோடி பிராங்க் கடன் வாங்க நேர்ந்தது. கழிவு போக அதன் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். 1838-இல் தொகை குறைக்கப்பட்ட பிறகும், வட்டியும் மறுகடனுமாக அந்தச் சுமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நீண்டது. தன் உடலுக்குத் தானே விலை கொடுத்த தேசம் அது. பதினைந்தாம் விதி எழுதப்பட்ட நாட்டின் அரசாங்கம், அந்த விதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க இயலாத மக்களிடமிருந்து இந்தப் பணத்தை வாங்கியது என்பதை நான் இன்றளவும் மனவேதனையின்றி எண்ண முடிவதில்லை.

2003-இல் ஹெயிட்டியின் அதிபர் அரிஸ்டீட், அத்தொகையை இன்றைய மதிப்பில் கணக்கிட்டு, இரண்டாயிரத்து நூறு கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டுமென்று பிரான்ஸைக் கேட்டார், பிரான்ஸ் மறுத்தது. அந்த ஆணை பிறந்து சரியாக இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2025 ஏப்ரல் 17 அன்று, அக்கணக்கை இரு நாட்டுச் சரித்திர ஆசிரியர்களும் சேர்ந்து ஆராய்வதற்கு ஒரு குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சு ஜனாதிபதி அறிவித்தார்.